விழிஞ்ஞத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கேன்

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நான் கால் மணி நேரம் பேசினேன். அன்று வந்திருந்த அன்பர்களுக்குப் பேச்சு நினைவிருக்காது. பேச்சுக்குப் பின் பரிமாறிய பால் பாயசம் நினைவிருக்கலாம். விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் கட்டக் கேரள அரசு அதானி குழுமத்தோடு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஒப்பந்தம் செய்து சில நாட்களே ஆகியிருந்தன. நான் பிறந்து வளர்ந்த ஊருக்குப் பக்கத்துத் துறை அது என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. “பத்தே வருடத்தில் விழிஞ்ஞம் இன்னொரு சலாலாவாக மாறும். அங்கிருந்து இங்கே மஸ்கட்டுக்கு வேலை தேடி வரும் பிள்ளைகள் அங்கேயே இருந்துவிடுவார்கள்” என்று முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அந்த வருட விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதே பேச்சை விழிஞ்ஞத்திலேயே, என் பால்ய நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராகப் பேசினேன். “நீங்க அந்தக் கடலை இத்தனை நாள் காத்து வைத்திருக்கீங்க. அதுக்கு ஒரு பங்கு உங்களுக்கு வராமல் போகாது” என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தை அவன் மறக்கவில்லை.

என்னை அறியாத புதிய அங்கத்தினர்களுக்காக இரண்டு வரி. என் தகப்பனார் கோட்டாற்றுக்காரர். நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே சமஸ்தானத்தில் இருந்த காலத்திலேயே சாலைக் கம்போளத்தில் கடை போட்டார். வலை நூல், கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு வியாபாரம். விழிஞ்ஞம், பூந்துறை, அடிமலைத்துறை மீனவர்கள்தான் வாடிக்கை. முக்கால்வாசி கடன். சனிக்கிழமைகளில் பற்று வரவு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா பணம் பிரிக்கப் போவார். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி நானும் கூடப் போவேன். அப்பா கணக்குப் பார்க்கிற நேரத்தில் அந்த வீட்டுப் பையனோடு பாறையில் ஏறிச் சிப்பி பொறுக்கப் போய்விடுவேன். அந்தப் பையன்தான் இந்த நண்பன். அவன் பேசுவது மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை, கடப்புறத்துப் பேச்சு. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.

2025 ஜூலை மாதம் மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனேன். ஆடி மழை. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். மற்றக் கரைகளில் அலை அடித்து வள்ளம் இறக்க முடியாத இந்த மாதங்களில்தான் விழிஞ்ஞத்தில் திருவிழாக் கூட்டம். பழைய மீன்பிடித் துறைமுகத்தின் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே கடல் அடங்கிக் கிடப்பதால், எங்கெங்கிருந்தோ வள்ளங்கள் வந்து சேரும். ஒரு பக்கம் மாதா கோயில், மறுபக்கம் பள்ளிவாசல், நடுவில் மீன் ஏலம், குடை, சேறு, காக்காய். இந்தக் காட்சி நான் சிறுவனாகப் பார்த்ததிலிருந்து அதிகம் மாறவில்லை. தலையைத் தெற்கே திருப்பினால்தான் மாற்றம். வானத்தில் நீல நிறத்தில் கிரேன்கள். அவற்றுக்குக் கீழே நாலு தெரு நீளத்துக்கு ஒரு கப்பல்.

நண்பன் என்னை வரவேற்றுவிட்டு, திண்ணையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் கேனைக் காலால் தள்ளி இடம் பண்ணினான். மண்ணெண்ணெய்க் கேன். உட்கார்ந்ததும் கேட்டான்: “மக்கா, நீ சொன்ன பங்கு எப்ப வரும்?”

கேலியாகத்தான் கேட்டான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கட்டுரை அவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகம் பொய் இல்லை. 2015 டிசம்பரில் வேலை தொடங்கி, ஆயிரம் நாளில் முடிப்போம் என்று சொல்லி, ஒன்பது வருடம் இழுத்தாலும், வந்துவிட்டது. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. அந்த டிசம்பரில் வியாபாரம் ஆரம்பம். 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே எம்.எஸ்.சி. இரினா, சுமார் 400 மீட்டர் நீளம், 24,346 பெட்டிகள் ஏற்றக்கூடியது, உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று, இங்கே வந்து நின்றது. இந்தியாவின் வேறு பல துறைமுகங்களுக்கு இப்படிப்பட்ட கப்பல் எட்டிக்கூடப் பார்க்காது. காரணம் ஆழம். விழிஞ்ஞத்தில் கரைக்குப் பக்கத்திலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம் இருக்கிறது. கொச்சியில் வல்லார்பாடத்துக்குக் கப்பல் வர ஓயாமல் மண்ணை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அந்தச் செலவு மிகக் குறைவு. சூயஸிலிருந்து சிங்கப்பூர் போகும் பெரிய கப்பல் பாதையும் இங்கிருந்து சுமார் 10 கடல் மைல் தூரந்தான்.

ஆகவே அந்த ஆழந்தான் விழிஞ்ஞத்தின் எண்ணெய்க் கிணறு. தோண்டாமலே கிடைத்த கிணறு.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நம் காலத்து இன்ஜினியர்கள் அல்ல. ஆய் மன்னர்களுக்கு இது தலைநகர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் வந்து அடித்தான். பிறகு சோழர்கள் பிடித்து, ராஜேந்திர சோழப்பட்டினம் என்று தங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். கலிங்கத்துப்பரணியிலும் விழிஞ்ஞத்தைப் பிடித்த கதை வருகிறது. பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய குடைவரைக் கோயில் இருக்கிறது. வெளிச் சுவரில் சிவனும் பார்வதியும் பாதி செதுக்கியபடி நிற்கிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் கோவளத்தில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல் இதையும் ஒரு எட்டுப் பார்க்கலாம்.

பாதியில் நிற்பது அந்தச் சிற்பம் மட்டும் அல்ல. மீன்பிடித் துறைமுக வேலை 1962-இல் ஆரம்பித்து எத்தனையோ வருடம் இழுத்தது. 1991-இல் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் இந்தியாவின் முதல் கடலலை மின் நிலையத்தை இங்கேதான் வைத்தார்கள். மூவாயிரம் டன் கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கடலில் இழுத்து வந்து கற்சுவருக்கு முன்னால் அமர்த்தினார்கள். உள்ளே அலை ஏறும்போது காற்று மேலே தள்ளப்பட்டு ஒரு விசிறியைச் சுற்றும். அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்பட்டு மறுபடி சுற்றும். அதிகபட்சம் 150 கிலோவாட். பின்னால் அதே மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளை அழைத்துப் போய், “எண்ணெய் தீர்ந்தாலும் அலை தீராது, பாருங்கள்” என்று காட்டுவேன். 2011-ஆம் ஆண்டோடு அது ஓய்ந்துவிட்டது. உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது, நல்ல விஷயந்தான். ஊருக்கு ஒரு துருப்பிடித்த கட்டடம் கிடைத்தது.

“ஆக, நாங்க வாக்குக் கேட்டுப் பழகினவங்க” என்றான் நண்பன்.

இப்போது துறைமுகத்துக்கு வருகிறேன். இங்கே நடப்பது ‘ட்ரான்ஷிப்மென்ட்’ என்கிற பெட்டி மாற்றும் வேலை. தாய்க்கப்பல் பெட்டிகளை இறக்கும். சிறிய கப்பல்கள் வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு மற்றத் துறைமுகங்களுக்குப் போகும். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறுகிறவர் ஊருக்குள் போய்ச் சாமான் வாங்குவதில்லை. பிளாட்பாரத்திலேயே நின்று அடுத்த வண்டியில் ஏறிவிடுவார். விழிஞ்ஞத்துப் பெட்டிகளும் அப்படித்தான். பெட்டி வெளியே வந்தால்தானே லாரி, கிடங்கு, சுமைக் கூலி, டீக்கடை, மெக்கானிக் ஷாப் எல்லாம்? பெட்டி ஊருக்குள் வர வேண்டுமானால் ரயில் வேண்டும். பாலராமபுரத்துக்குச் சுமார் 10.7 கிலோமீட்டர் பாதை, பெரும்பகுதி சுரங்கம், திட்டமிட்டிருக்கிறார்கள். அது வந்தால் கதை மாறலாம். நான் பத்து வருடம் முன்னால் சலாலாவை உதாரணம் காட்டியபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் க்ளியரிங் ஆபீசில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான்!

கிரேன்களில் மனிதனே இல்லை என்பார்கள். அது முழுக்கச் சரியல்ல; அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுகிறவர்களில் சுற்றுவட்டாரத்துப் பெண்களும் இருக்கிறார்கள். மீன்காரக் குடும்பத்துப் பெண், தூரத்தில் உட்கார்ந்து நாற்பது டன் பெட்டியைத் தூக்கி வைக்கிறாள் என்றால் மகிழ்ச்சிப்படாமல் என்ன செய்வது? ஆனால் அப்படிப்பட்ட நாற்காலிகள் எத்தனை இருக்க முடியும்? இயந்திரம் ஓட்டுகிற துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் வேலை இருக்கும். கடப்புறத்தில் ஆயிரக்கணக்கில் குடும்பங்கள்.

சரி, வேலை இல்லாவிட்டால் பணம்? முதல் கட்டச் செலவு 8,867 கோடி ரூபாய். அதில் கேரள அரசின் பங்கு 5,595 கோடி. அதானி நிறுவனம் 2,454 கோடி. மத்திய அரசு 817.80 கோடி, அதையும் பிறகு வருமானத்திலிருந்து திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவாகப் போட்டது மலையாளிகளின் வரிப்பணம். அந்த அரசுக்கு வருமானத்தில் பங்கு எப்போது வரும் தெரியுமா? 2034-ஆம் ஆண்டு முதல். இந்த ஒப்பந்தத்தின் காலம் 40 வருடம். வழக்கமாக இத்தகைய திட்டங்களுக்கு 30 வருடந்தான். அந்தக் கூடுதல் பத்து வருடத்தால் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருமானம் போகும் என்று 2017-இல் மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே குறை சொன்னது. அரசுத் தரப்பில் பதில்கள் இருக்கின்றன. இத்தனை வருடம் டெண்டர் போட்டும் கைகூடாத திட்டம், ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது முக்கியமான பதில். அதிலும் உண்மை உண்டு.

ஆனால் கவனியுங்கள். இந்தச் சண்டை முழுவதும் திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே. 2034-இல் வரப்போகும் பங்கும் மாநிலக் கஜானாவுக்கு. விழிஞ்ஞம் என்ற ஊருக்கு இத்தனை காசு என்று எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது.

இங்கேதான் எனக்கு எண்ணெய் ஊர்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. எண்ணெய் நாட்டில் சோறு தின்கிற நமக்கு இது புரியும். ஓமானில் 1967-இல் முதல் எண்ணெய்க் கப்பல் மினா அல் ஃபஹலிலிருந்து புறப்பட்டது. எண்ணெய்ப் பணம் ரோடாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறியதை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதையே எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்ப்பது நம் வழக்கமான தவறு. நைஜீரியாவில் ஒலோய்பிரி என்ற கிராமத்தில் 1956-இல் எண்ணெய் கண்டார்கள். அந்த நாட்டின் முதல் வியாபாரக் கிணறு அது. எண்ணெய் வற்றியது, கம்பெனி போனது, கிராமம் பழைய கிராமமாகவே நின்றது. அதே டெல்டாவில் ஒகோனி மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு, 1999 அரசியல் சட்டத்தில், எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 சதவீதம் என்று எழுதினார்கள். அதுவும் மாநில அரசு வரைக்குந்தான்.

அவ்வளவு தூரம் போவானேன். என் சகலை நாகப்பட்டினத்துக்காரர். நரிமணத்தில் எண்ணெய் வந்தபோது, இரவில் எரியும் வாயுத் தீயைக் காட்டி, “எங்க ஊரும் குவைத் ஆகுது அண்ணா” என்று சொன்னவர். 1993-இல் பக்கத்தில் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது, வருடத்துக்கு 5 லட்சம் டன். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் இன்று திருப்பூரில் இருக்கிறார்கள். 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தது. நெடுவாசலில் போராட்டம் நடந்தது. 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் செய்தது. முப்பது வருட எண்ணெய்க்குப் பிறகு அந்த ஜனங்கள் கேட்டது ‘போதும், நெல்லே இருக்கட்டும்’ என்பதுதான். பங்கு கிடைத்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இரும்புக்கும் நிலக்கரிக்கும் இந்தியாவில் 2015-இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சுரங்கம் இருக்கும் மாவட்டத்துக்கென்றே தனி நிதி. அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு அதன்மேல் 10 முதல் 30 சதவீதம் வரை அந்த நிதியில் போட வேண்டும். பாதிக்கப்பட்ட ஊர்களின் தண்ணீர், பள்ளி, வைத்தியத்துக்கு. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். ஆனால் ‘இது உங்கள் மண், ஆகவே உங்கள் பங்கு’ என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது. கடலின் ஆழத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆழம் வெட்டி எடுக்கிற பொருள் இல்லையே! லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு என்ற கம்பெனிச் சட்டம் இருக்கிறது. அது தர்மம். பங்கு வேறு.

இந்த வித்தியாசத்தைக் கடப்புறத்து ஜனங்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். நண்பனின் தங்கை வலியதுறையில் வாழ்க்கைப்பட்டவள். கடல் வீட்டைத் தின்றுவிட்டது. முதலில் வாசலில் இருந்த தென்னை, பிறகு குளியலறை, பிறகு சமையல்கட்டு. சங்குமுகம் கடற்கரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், விமானத்திலிருந்து இறங்கும்போது. இருந்த மணலில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லுங்கள். இதற்குத் துறைமுகச் சுவர் காரணம் இல்லை, புயலும் கடலின் போக்குந்தான் காரணம் என்கிறது அரசுத் தரப்பு. தெற்கே கல்லைக் கொட்டினால் வடக்கே மண் போகும் என்கிறார்கள் மீனவர்கள். நான் தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ளவன் அல்ல. வலியதுறையில் சிமெண்டு வைக்கிற பழைய கிடங்கில் குடும்பங்கள் வருடக்கணக்கில் கிடந்தன என்பது மட்டும் யாரும் மறுக்காத விஷயம். தங்கையும் இரண்டு பிள்ளைகளோடு அங்கே இருந்தாள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சேலைத் திரை.

2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதி துறைமுக வாசலில் போராட்டம் ஆரம்பித்தது. லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் முன்னின்றது. நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்து, நடுவில் போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டு, டிசம்பர் 6-இல் முடிந்தது. ஸ்டேஷனை அடித்தது பெரிய தவறு. அதனால் ஊரின் நியாயம் பாதி அடிபட்டுப் போயிற்று என்பது என் அபிப்பிராயம். அவர்கள் கேட்ட ஏழு விஷயங்களில் ஒன்று, மானிய விலையில் மண்ணெண்ணெய். வீடு இழந்தவர்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை என்று அரசு ஒத்துக்கொண்டது. அதோடு நிறுவனத்தின் சமூகப் பணி நிதியிலிருந்து 2,500 சேர்த்து 8,000 ஆக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அந்த 2,500 எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் 2,500 ரூபாய் என்பது அந்த வீடுகளில் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கற்சுவருக்குப் போன பாறைகளில் ஒரு பெரும்பகுதி நம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளிலிருந்து போனது. களியக்காவிளை வழியாக லாரி லாரியாகப் போவதை ஊருக்குப் போனபோதெல்லாம் பார்த்தேன். கடல் போனவர்கள் கத்தினார்கள். மலை போனவர்களும் கத்தினார்கள். நடுவில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஓமானில் பைப் போகிற பாலைவனத்தில் அதிகம் பேர் குடியிருக்கவில்லை. நம் ஊரில் எல்லா இடத்திலும் யாராவது இருக்கிறார்கள். அதுதான் நம் பக்கத்துக் கஷ்டம்.

கடைசியில் உண்மையான எண்ணெயும் வந்தது. 2025 மே 23-ஆம் தேதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல், மறுநாள் சாய்ந்து, 25-ஆம் தேதி மூழ்கிப் போனது. 24 மாலுமிகளையும் காப்பாற்றிவிட்டார்கள். அறுநூறுக்கு மேல் பெட்டிகள். அவற்றில் 13-இல் ஆபத்தான சரக்கு. டாங்கில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும். மறுவாரம் திருவனந்தபுரம் கரையிலும் நம் குமரிக் கரையிலும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள், ஜவ்வரிசி மாதிரி, ஒதுங்கின. மீனை வாங்க ஆளில்லை. விஷம் என்று யாரோ வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். நாலு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் தற்காலிக நிவாரணம் அறிவித்தது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனது. கோர்ட் உத்தரவின் பேரில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு கப்பலை ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். எங்கே? விழிஞ்ஞத்திலேயே. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களில் அது அங்கே இருந்தது. நண்பன் விரலை நீட்டிச் சொன்னான், “கப்பலையே பிணை வைத்துப் பணம் கேட்கிறாங்க பார். உங்கப்பா நோட்டில் எழுதினதோட சரி. எங்க வள்ளத்தை ஒரு நாளும் பிடித்து வைக்கல.”

அப்பா நோட்டை எனக்கு ஞாபகப்படுத்துவது அவன் வழக்கம். அதிலே அவன் தகப்பனார் பெயரில் தீராத பாக்கி இன்னும் இருக்கிறது.

கேன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வள்ளத்தில் இரண்டு எஞ்சின். ஸ்டார்ட் பண்ணப் பெட்ரோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய். ஒரு தடவை போய்வர அறுபது லிட்டர் ஆகிறது என்றான். முன்பெல்லாம் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் வலை போட்டவர்கள், இப்போது மீன் தேடி வெகு தூரம் போகிறார்கள். கப்பல் வழியையும் விட்டு விலகிச் சுற்றிப் போக வேண்டும். கூட்டுறவு பங்க்கில் மானியத்துக்குக் கிடைப்பது பத்து நாளைக்குக்கூடக் காணாது. மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும் மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை வருடா வருடம் குறைத்துவிட்டது. 2022-இல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. “அறுபது லிட்டர் ஊற்றிட்டுப் போய் நாலாயிரம் ரூபாய்க்கு அயிலை கிடைத்தால், மக்கா, நான் மீன் பிடிக்கப் போனேனா, எண்ணெய் எரிக்கப் போனேனா?” என்று கேட்டான். அதனால் வாரத்தில் மூன்று நாள்தான் இறக்குகிறானாம். மற்ற நாட்களில் கேன் திண்ணையில்.

அன்று மாலை தங்கையும் வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்கள் விலகிப் போக ‘புனர்கேகம்’ திட்டத்தில் அரசு 10 லட்சம் தருகிறது. இடமும் வீடும் அதற்குள்ளே. திருவனந்தபுரத்தில் பத்து லட்சத்துக்கு இடமும் வீடுமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. அல்லது முட்டத்தறையில் அரசு கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு. அண்ணன் பணத்தை வாங்கு என்றான். அவள் மாடிதான் வேண்டும் என்றாள். பணம் வந்தால் கடன்காரன் வருவான், வீட்டை யாரும் தூக்கிப்போக முடியாது என்பது அவள் கணக்கு. என்னைப் பார்த்து, “அண்ணன் படிச்சவர், நீங்க சொல்லுங்க” என்றாள். பத்து வருடம் முன்னால் என்றால் மளமளவென்று சொல்லியிருப்பேன். இம்முறை, “உனக்குத் தோன்றுகிறதைச் செய் தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு என் பதில் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மஸ்கட் திரும்பியபின் ஆகஸ்டில் நண்பனிடமிருந்து போன். முட்டத்தறையில் தங்கைக்குச் சாவி கொடுத்துவிட்டார்களாம். மாடி வீடு. பைப்பில் தண்ணீர் வருகிறதாம், கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதாம். மீன் கூடையை எங்கே வைப்பது என்பதில்தான் பக்கத்து வீட்டாரோடு சின்னச் சச்சரவாம். சந்தோஷமாகத்தான் பேசினான். போனை வைக்கப் போகும்போது, “எடே, எண்ணெய் ஊரில்தானே இருக்கே, அங்கே மண்ணெண்ணெய் லிட்டர் என்ன விலை?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ரூவியில் நாலு பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. முத்ராவில் மீன்காரர் ஒருவரிடம் கேட்டேன்; அவர்கள் படகெல்லாம் பெட்ரோலில் ஓடுகிறதாம், மண்ணெண்ணெய் வாங்கியே பல வருடம் ஆகிறதாம். அந்த வெள்ளிக்கிழமை நண்பனுக்குப் போன் செய்து அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ பெட்ரோல் என்ன விலை?” என்றான்.